சாரலில் நிற்பவன்

அங்கே கால் வைக்காதீர்கள் அக்கா. இந்த வரப்பிலேயே நில்லுங்கள். முள் வெட்டிப் போட்டிருக்கிறேனே, அதைத் தாண்டி எப்படி வந்தீர்கள்?

கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்து வயல் வேலம்மா அத்தையாக இருந்தால் இந்நேரம் கம்போடு வந்திருப்பாள். "ஏளா, பூவுல கை வச்ச, கை இருக்காது பாத்துக்க" என்பாள். எனக்கு அப்படிக் கத்த வராது. கல்லூரியில் படித்த காலம் முழுக்க வருகைப் பதிவுக்குப் பதில் சொன்னதைத் தவிர என் குரலை யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. உங்களிடம் இவ்வளவு பேசுவதே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஊரில் யாரிடமாவது பேசினால் அது எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடும். நீங்கள் காரில் ஏறி மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவீர்கள். உங்கள் அம்மாவுக்கு நாகர்கோவில் என்றீர்களே, அதனால்தான் தமிழ் இவ்வளவு நன்றாக வருகிறது.

விஷயம் இதுதான். இலையில் இன்னும் சாரல் ஈரம் காயவில்லை. ஈரத்தோடு ஒரு செடியை உரசிவிட்டு அடுத்த செடியை உரசினால் நோயும் கூடவே போகும். கண்ணுக்குத் தெரியாது. துணியில் ஒட்டும், செருப்பில் ஒட்டும். பூஞ்சைதான், வேறொன்றும் இல்லை. ஊரில் வேறு பெயர்கள் சொல்வார்கள். நான் தாவரவியல் படித்தவள்.

போட்டோவா? அவனோடா?

எல்லோருமே அவனோடுதான் கேட்கிறார்கள். அவன் இல்லை, அது. கிளி விரட்ட நிறுத்திய பொம்மை. பாருங்கள், எனக்கே வாயில் அப்படி வந்துவிடுகிறது. வீட்டில் கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். கொஞ்சம் பொறுங்கள், வெயில் வந்து இலை காயட்டும். காய்ந்ததும் நானே எடுத்துத் தருகிறேன். அதுவரை இப்படி உட்காருங்கள். அப்பா மதியம்தான் வருவார். வயலைப் பார்க்க வருகிறார். இன்றைக்கு அவர் பார்ப்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

அது என் அண்ணன் சட்டை.

அண்ணன் பெயர் கோமதிநாயகம். வீட்டில் கோமதி என்போம். பள்ளிக்கூடத்தில் "கோமதிக்கு எப்பம்ல கல்யாணம், மாப்பிள எந்த ஊரு?" என்று கேலி செய்வார்கள். அவனும் கூடச் சேர்ந்து வெட்கப்படுவது மாதிரி நடிப்பான். எனக்கு நேர் எதிர். நான் வெட்கப்பட்டால் அது நிஜம்.

இந்த வயலுக்குச் சூரியகாந்தியைக் கொண்டுவந்தவனே அவன்தான். அப்பா உளுந்து போடுகிறவர். "பூவப் பாத்தா வயிறு நெறையுமால?" என்று கேட்டார். அவன் கேட்கவில்லை. விதைத்தான், களை எடுத்தான், செடி முழங்கால் உயரம் வந்ததும் மலைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போனான். மலையை வெட்டி ரோடு போடுகிற வேலை. போகும்போது அம்மாவிடம் சொன்னான், "பூ வந்து மணி பிடிக்குத நேரம் வந்துருவேம்மா. கிளி வெரட்ட நான் இருக்கேன். நீ வெயில்ல நிக்காத."

பெட்டிதான் வந்தது அக்கா. மண் சரிந்துவிட்டது. ஆணி அடித்த பெட்டி. திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அப்பா தலையாட்டினார். அம்மா பெட்டியைக் கையால் அடித்து அடித்து, "ஒரே ஒரு தடவ எம்பிள்ள மொகத்தக் காட்டுங்கய்யா" என்று கேட்டாள். யாரும் காட்டவில்லை. அப்படியே கொண்டுபோய்விட்டார்கள்.

அப்புறம் அம்மா கேட்க ஆரம்பித்தாள். சோறு போடும்போது கேட்பாள், தலை பின்னும்போது கேட்பாள். "ஏட்டி முப்பிடாதி, பெட்டிக்குள்ள அவந்தான் இருந்தானா? நீ பாத்தியா? ஒங்க அப்பா பாத்தாரா?" யாரும் பார்க்கவில்லை. அதுதான் உண்மை.

அந்த வருடமும் பூ பூத்தது. அதற்கு யார் செத்தது என்ன தெரியும்? கிளி வந்தது. கூட்டம் கூட்டமாக வந்தது. அம்மா ஒரு நாள் அவனுடைய கட்டம் போட்ட சட்டையை எடுத்தாள், பழைய காற்சட்டையை எடுத்தாள், வைக்கோலைத் திணித்தாள். தலைக்கு ஒரு கலயத்தைக் கவிழ்த்தாள். அப்பா கேட்டார், "என்ன செய்யுத?" அம்மா சொன்னாள், "அவன்தான வெரட்டுதேன்னு சொன்னான். அவனே வெரட்டட்டும்."

முகம் வரையவில்லை. நான் கரிக்கட்டி எடுத்தேன், அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம். பாக்காத மொகத்த எப்படிட்டி வரைவ?" அதனால் கலயம் வெறுமையாகவே இருக்கிறது. போன தடவை உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி உதட்டுச் சாயத்தால் கண்ணும் சிரிப்பும் வரைந்துவிட்டுப் போய்விட்டாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவள்தான். "அங்கன வேற யாரோ நிக்கான்" என்றாள். நான்தான் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். கழுவியதும் சரியாகிவிட்டாள். பார்த்தீர்களா, பேயும் இல்லை பிசாசும் இல்லை. மனசுதான்.

கிளியா? அது எங்கே பயப்படுகிறது? அவன் தோளில் உட்கார்ந்துதான் கொறிக்கும். அண்ணன் இருந்திருந்தாலும் விரட்டியிருக்க மாட்டான். பார்த்துக்கொண்டு நின்றிருப்பான்.

ஆனால் அம்மா தூங்க ஆரம்பித்தாள் அக்கா. பெட்டி வந்ததிலிருந்து தூங்காதவள். காலையில் வயலுக்கு வருவாள், சட்டைக் காலரைச் சரி செய்வாள், ரெண்டு வார்த்தை பேசுவாள், போவாள். ஊரில் சிரித்தார்கள். வேலம்மா அத்தை அப்பாவிடமே கேட்டாள், "பொம்மைக்கு முழுக்கைச் சட்ட, ஒமக்குக் கிழிஞ்ச பனியனா அண்ணாச்சி?" அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இன்றைக்கு வரைக்கும்.

அந்த முதல் வருடம் கடைசியில் நல்ல சாரல். விடாத சாரல். எல்லார் வயலிலும் இலை கருகியது, எங்கள் வயலிலும்தான். பூ முற்றிவிட்டதால் பெரிய நஷ்டம் இல்லை. அப்போதுதான் நான் அந்த நோயை முதலில் நேரில் பார்த்தேன். அடி இலையில் ஆரம்பிக்கும். மிளகு அளவுக்குக் கரும்பழுப்புப் புள்ளி, சுற்றி மஞ்சள். புள்ளி பெரிதாகும்போது உள்ளே வளையம் தெரியும், வளையத்துக்குள் வளையம், குளத்தில் கல் போட்ட மாதிரி. பிறகு புள்ளியும் புள்ளியும் ஒட்டி இலை முழுக்கத் தீய்ந்துபோகும். அப்படியே மேலே ஏறும். தண்டுக்குப் போகும், பூவின் முதுகுக்குப் போகும். பூக்கும் முன்னாலே வந்துவிட்டால் அவ்வளவுதான். பூ சிறுத்துவிடும், உடைத்துப் பார்த்தால் பருப்பே இருக்காது, வெறும் பதர்.

அறுவடை முடிந்து பொம்மையை வீட்டுக்குக் கொண்டுபோனோம். மாட்டுக் கொட்டிலில் சாத்திவைத்தோம். மறுநாள் பார்த்தால் ஒரு காலைக் காணோம். மாடு வைக்கோலை இழுத்துத் தின்றுவிட்டது! அம்மா அழுத அழுகையைப் பார்க்க வேண்டுமே. "எம்பிள்ள காலு, எம்பிள்ள காலு" என்று. மாட்டையே விற்றுவிடச் சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

அப்போது நான்தான் ஒரு யோசனை சொன்னேன். வைக்கோல் என்றால்தானே மாடு தின்னும்? வயலில் கருகிய இலைச் சருகு குவியலாகக் கிடந்தது. அதை மாடு மோந்துகூடப் பார்க்காது. கனமும் இல்லை, நசுங்கவும் நசுங்காது. நான் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்து, காலில், கையில், நெஞ்சில் எல்லாம் நன்றாகத் திணித்தேன். மணிக்கட்டில் நூல் போட்டுக் கட்டினேன். வைக்கோல் வைத்தபோது பொம்மை பொம்மையாகத்தான் இருந்தது. சருகு வைத்த பிறகுதான் தோள் அவன் தோள் மாதிரி வந்தது. அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்பந்தான் ஒடம்பு தேறியிருக்கான்" என்றாள். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நான் செய்து ஒரு காரியம் உருப்படியாக நடந்தது. மாடு அதற்கப்புறம் தொடவே இல்லை. மாட்டுக்குக்கூட எட்டாமல் இருக்கட்டும் என்று மச்சில் ஏற்றிவிட்டோம்.

அடுத்த சாரலுக்கு மறுபடி சூரியகாந்தி. மறுபடி அண்ணனை நிறுத்தினோம். பொம்மையை.

அந்த வருடம்தான் எங்களைப் பிடித்தது அக்கா. மொட்டு விடும் முன்னாலே வந்துவிட்டது. பக்கத்து வயல்களில் ஒன்றும் இல்லை, எங்கள் வயலில் மட்டும். அதுவும் எங்கே ஆரம்பித்தது தெரியுமா? சரியாக அவன் நிற்கிற இடத்தைச் சுற்றி. மேலே நின்று பார்த்தால் பச்சை வயலுக்கு நடுவே வட்டமாகக் கருப்பு, நடுவில் வெறும் கலயத் தலையோடு அவன். ஊர் சும்மா இருக்குமா? கோமதிக்கு மனசு ஆறவில்லை என்றார்கள். ஆணி அடித்துப் புதைத்தால் அப்படித்தான் என்றார்கள். அம்மா வேறு மாதிரி சொன்னாள். "அவன் மூச்சு விடுதான்ட்டி. மண்ணுக்குள்ள விட முடியாத மூச்ச இங்கன வந்து விடுதான். அந்தச் சூட்டுலதான் எல கருகுது."

ஆனால் நான் அதையெல்லாம் ஏற்றுக்கொள்ள மாட்டேன். நோய் என்றால் அது எங்கிருந்தாவது வந்திருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் தீர்ந்தது. நான் யோசித்தேன். அவனைச் சுற்றித்தான் வருகிறது என்றால், அவனைச் சுற்றி என்ன நடக்கிறது? போட்டோ! காரில் வருகிறவர்கள் எல்லாரும் அவன் கழுத்தில் கை போட்டுப் படம் எடுக்கிறார்கள். வேறு எங்கோ நோய் பிடித்த வயலில் இறங்கிவிட்டு, அதே காலோடு இங்கே வருகிறார்கள். எவ்வளவு சுலபமான விடை, பாருங்கள். படித்ததற்கு அதாவது பயன்பட்டது.

வேளாண் ஆபீசிலிருந்து ஜெசிந்தா மேடம் வந்தார். நல்ல மாதிரி. சேற்றில் இறங்கத் தயங்க மாட்டார். இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இலைக்கருகல்தாம்மா. மருந்து அடிச்சா இந்தத் தடவை கொஞ்சம் தாங்கும். ஆனா இது பழைய சருகுல உயிரோட கெடக்கும். போன வருசத்து எல, தட்ட, ஒண்ணு விடாம வெளிய கொண்டுபோய் எரிச்சிருங்க. அடுத்த வருசம் வேற பயிர் போடுங்க. விதைய நேர்த்தி பண்ணி விதைங்க" என்றார்.

ஒன்று விடாமல் செய்தேன் அக்கா. அறுவடை முடிந்து நானும் அம்மாவும் குனிந்து குனிந்து பொறுக்கினோம். ஒரு இலைத் துணுக்குகூட விடவில்லை. வேலம்மா அத்தை வரப்பில் நின்று, "எம்மா, வயலப் பெருக்கிக் கோலம் போடப் போறியளா?" என்று கேட்டாள். ஓடைக்கு அந்தப் பக்கம் குழி வெட்டி எரித்தோம். மறுவருடம் அப்பா ஆசைப்பட்டபடி உளுந்து. அந்த வருடம் அண்ணன் மச்சிலேயே இருந்தான். உளுந்துக்குப் பொம்மை எதற்கு? அம்மாவுக்குத் தூக்கம் போனது. மச்சு ஏணியடியில் பாயைப் போட்டுப் படுப்பாள். "மேல அசையுத சத்தம் கேக்குட்டி" என்பாள். எலிதான். எலி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் ஏறிப் பார்க்கவில்லை.

அந்தச் சத்தம் நின்றால் போதும் என்றுதான் இந்த வருடம் அப்பாவிடம் நான் பேசினேன். நானாக அப்பாவிடம் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. சூரியகாந்தி போடலாம், நோய்க்கு நான் பொறுப்பு என்றேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு சொன்னார், "சரி. எல கருகுனா டிராக்டர விட்டு அப்படியே மடக்கி உழுதுருவேன். அப்பறம் தென்னதான். தென்னந்தோப்புல பொம்மைக்கு வேல கெடையாது. பொறவு ரெண்டு பேரும் என்கிட்ட வந்து அழக் கூடாது."

புரிகிறதா அக்கா? தென்னை வைத்துவிட்டால் அவன் நிற்க இடமே இல்லை.

அதனால் எதையும் விடவில்லை. விதையை மருந்தில் புரட்டி நேர்த்தி செய்தேன். செடிக்குச் செடி காற்றோட்டம் விட்டு நட்டேன். மருந்து தெளித்தேன், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு நானே தெளித்தேன். முள் வெட்டிப் போட்டு ஒரு கார்க்காரரையும் உள்ளே விடவில்லை. அவனையும் சும்மா விடவில்லை. மச்சிலிருந்து இறக்கும்போது எலி கடித்த இடத்தையெல்லாம் தைத்து, தொங்கிப்போன வயிற்றைத் தட்டித் தட்டிச் சரி செய்து, சட்டையைத் துவைக்கக்கூட இல்லை, அம்மா விடமாட்டாள், அப்படியே நிறுத்த அப்பாவிடம் கொடுத்தேன்.

ஜெசிந்தா மேடம் போன வாரம் வந்து பார்த்துவிட்டு, "நல்லா வச்சிருக்கம்மா" என்றார். போகும்போது பொம்மையைப் பார்த்து, "உள்ள என்ன வச்சிருக்க?" என்று கேட்டார். "வைக்கோல் மேடம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் அதுதான் வந்தது. முதலில் வைக்கோல்தானே வைத்தோம், அதைச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. விரிந்த பூவெல்லாம் கிழக்கே பார்த்து நிற்கிறதா? பொம்மையையும் அப்பா கிழக்கே பார்க்கத்தான் நட்டார். கண்ணை மூடிக்கொண்டு நட்ட மாதிரி நட்டார். ஆனால் காலையில் வந்து பார்த்தால் மேற்கே திரும்பி நிற்கும். மலையைப் பார்த்து. திருப்பி வைப்பேன். மறுபடி மேற்கே. காற்றுதான். கணவாய் வழியாக வருகிற சாரல் காற்று கம்பைச் சுழற்றிவிடுகிறது. கலயத்துக்குக் கண் கிடையாது, அது எங்கே பார்த்தால் என்ன? ஆனாலும் இத்தனை பூவும் ஒரு பக்கம் பார்க்க, அது மட்டும் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, பின்னாலிருந்து நடந்து வர எனக்குக் கால் வராது. சுற்றிக்கொண்டு வருவேன்.

வெயில் வந்துவிட்டது. நீங்கள் அங்கேயே நில்லுங்கள், அவன் பின்னால் தெரிகிற மாதிரி எடுக்கிறேன். காலர் மடங்கியிருக்கிறது, சரி செய்துவிட்டு வருகிறேன். நான் போகலாம், என் காலைக் கழுவிவிட்டுத்தான் வயலில் இறங்குவேன்.

ஐயோ. இந்தக் கிளிகளைப் பாருங்கள். மணிக்கட்டு நூலைக் கொத்தி அறுத்துவிட்டன. கை முழுக்க வெளியே கொட்டுகிறது. எவ்வளவு நாளாகக் கொட்டுகிறதோ, சாரல் காற்று வேறு. செடி மேலெல்லாம் தூள் தூளாக விழுந்திருக்கிறது. இருங்கள், அள்ளி உள்ளே திணித்துவிடுகிறேன்.

இந்தாருங்கள், வரப்பில் நின்றபடியே கையை நீட்டி ஒன்றை வாங்கிப் பாருங்கள். எத்தனை வருடத்துச் சருகு, இன்னும் நேற்றுக் காய்ந்த மாதிரி இருக்கிறது. வளையம்கூட அழியவில்லை. வளையத்துக்குள் வளையம். சொன்னேனே, குளத்தில் கல் போட்ட மாதிரி என்று, இதுதான்.

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்?

இல்லை, சொல்லாதீர்கள். எதையோ கேட்க வாயெடுக்கிறீர்கள். கேட்க வேண்டாம். உங்களுக்கு வயலைப் பற்றித் தெரியாது. நான் தாவரவியல் படித்தவள்.

அதோ, மடைப் பக்கம் அப்பா இப்போதே வருகிறார். துண்டை உதறித் தோளில் போடுகிறார் பாருங்கள், அப்பாதான். அம்மாவும் பின்னாலேயே வருகிறாள். கொஞ்சம் மறைத்து நில்லுங்கள் அக்கா. இங்கே, இந்தக் கைக்குக் கீழே உள்ள செடி. அடி இலையில். காலையில் இது இல்லை. இல்லை, இருந்ததோ? மிளகு அளவுதான். இங்கே ஒன்று. அந்தச் செடியில் ஒன்று. சுற்றி மஞ்சள்.

ஒன்றும் இல்லை. பறித்துவிட்டால் தெரியாது. நான்கைந்து இலைதானே. கீழே போட்டால் அப்பா கண்ணில் பட்டுவிடும். மடியில் வைத்தால் அம்மா கேட்பாள். இப்படி, அவன் சட்டைக் கைக்குள் திணித்து நூலைக் கட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. அவனிடம் கொடுத்தால் யாரிடமும் சொல்ல மாட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், நான் ஒளித்த எதையும் அவன் காட்டிக்கொடுத்ததில்லை.

முடிச்சு இறுகிவிட்டது. பாருங்கள், கை இப்போது நன்றாக நிறைந்து இருக்கிறது, அவன் கை மாதிரியே.

நீங்கள் கிளம்புங்கள் அக்கா. போட்டோ இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். வந்த வழியே போங்கள், செடியில் உரசாமல் போங்கள். முன்னாலேயே சொன்னேன், நீங்கள் கேட்கவில்லை. இந்த வருடம் இந்த வயலுக்குள் வந்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் காலில்தான் அது வந்திருக்கிறது.